சூசை மாட்டிய பிரேக் பேட்

முதலில் மூக்கைப் பொத்தியது தனம் அக்காதான்.

"மணியம், என்னமோ தீயுதுலா" என்றார்.

காலை ஆறரை இருக்கும். ரெம்பியாவைத் தாண்டி அலோர் காஜா சாலையில் போய்க்கொண்டிருந்தோம். வேனின் கண்ணாடியெல்லாம் பனியில் வேர்த்திருந்தது. வெளியே யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். தனம் அக்கா எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருபவர். சொன்னதை அப்படியே விழுங்குகிற ஆள் இல்லை. அரை மைல் பொறுத்துவிட்டு, "குப்பை நம்ம கூடவே வருதா?" என்று கேட்டார்.

வேனை ஓரம் கட்டினேன். இறங்கிப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டிலும் மெல்லிசாக வெள்ளைப் புகை. இரும்பு காய்ந்த நாற்றம் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்துச் சக்கரத்தின் மேல் ஊற்றினேன். சுடு சட்டியில் விழுந்த மாதிரி சீறிக்கொண்டு ஆவி கிளம்பியது.

பதினோரு பெண்களும் இறங்கிப் புல்தரையில் நின்றார்கள். ஏழு மணிக்கு அவர்கள் பேக்டரி வாசலில் இருக்க வேண்டும். ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக நின்றார்கள். அதற்குப் பதில் திட்டியிருந்தாலே தேவலை.

அந்தச் சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் மாட்டி மூன்றே நாள் ஆகியிருந்தது. மாட்டியவன் சூசை. புகையைப் பார்த்த அந்த நிமிஷமே நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த வாரம் என் வாயால் நான் பண்ணிய காரியத்துக்கு அவனுடைய பட்டறை இழுத்து மூடப்பட்டிருக்க வேண்டும். மூடாமல் போனதற்கு நான் காரணம் இல்லை. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

என் கோபத்தைப் பற்றி இந்தத் தொடரில் இரண்டு மூன்று இடங்களில் கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறேன். படித்த சிலர் புக்கிட் காத்தில் ஊர்ப் பாசாரில் காய்கறி வாங்கும்போது என்னைப் பார்த்து, "அப்பவே அப்படித்தானா அண்ணே" என்று சிரிக்கிறார்கள். இந்தக் கதையை மட்டும் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் என் மனைவி மல்லிகாவிடம் கேட்டேன், எழுதட்டுமா என்று. "எழுதுங்க. ஆனா முழுசா எழுதுங்க. பாதியில நிறுத்தினீங்கன்னா மிச்சத்த நானே எழுதி அனுப்புவேன்" என்றாள்.

பதினோரு பேர்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் மரத்தைப் பாதிக்கு மேல் வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். ஆண்கள் குலை வெட்டப் போனார்கள், லோரி ஓட்டப் போனார்கள். பெண்களுக்குத்தான் தோட்டத்துக்குள் வேலை குறைந்து போனது. அந்த நேரம் பார்த்து சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரி ஆள் எடுத்தது.

விடியுமுன் கையில் தண்ணீர் மங்கும் பால் வெட்டுகிற உளியுமாக வெளிக்காட்டுக்கு நடந்தவர்கள், நீலச் சட்டை போட்டுக் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேனுக்கு நின்றார்கள். முதல் மாதம் லயத்து வீடுகள் எல்லாம் வேடிக்கை பார்த்தன. இரண்டாம் மாதம் மற்ற வீடுகளிலும் அட்டை தொங்கியது.

நான் அதுவரை தோட்டத்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு ஒரு பழைய ஜப்பான் வேனை வாங்கினேன். என் கையில் ஏறுவதற்கு முன் அது ரொட்டி விற்ற வேன். மழை பெய்தால் உள்ளே லேசாக ரொட்டி வாசனை வரும். தனம் அக்கா, "பசிக்குதுலா உன் வண்டியில ஏறினா" என்பார்.

வேன் சின்னக் காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். பதினோரு வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். அவர்களில் ஐந்து பேர் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோதும் என் வேனில்தான் வந்தார்கள். "மணியம் வண்டியா, அப்ப சரி" என்று அவர்கள் வீட்டில் சொல்வதைக் கேட்க எனக்கு நெஞ்சு நிமிரும். அந்தப் பெயருக்கு ஒரு கீறல் விழுந்தாலும் தாங்காது எனக்கு. கோபம் வந்தது அங்கிருந்துதான் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை.

லோரியின் பின்பக்கம்

புகை வந்ததற்கு நாலு நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். சிம்பாங் அம்பாட் சந்திக்கு முன்னால் சாலை இறக்கமாகப் போகும். எனக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி சடக்கென்று நின்றுவிட்டது.

பிரேக்கை மிதித்தேன். இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் வந்தது, வேன் நிற்கவில்லை. பெடலின் மேல் எழுந்து நின்றேன் என்றே சொல்லலாம். லோரிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த குலை முள்ளுக்கும் என் முன்கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தபோது நின்றது.

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். மல்லிகாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவாள் என்று நினைத்தேன். மற்றவர்களை நான் இறக்கிவிட்டு வருவதற்குள் தனம் அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் சனிக்கிழமை, சூசையின் பட்டறைக்குப் போனேன்.

சூசை எங்கள் தோட்டத்துப் பையன்தான். கோவில் பக்கம் எங்கள் வீடு, மாதா கெபி பக்கம் அவர்கள் வீடு. என்னைவிட இரண்டு வயது சின்னவன். என்னை அண்ணே என்பான், மல்லிகாவை அண்ணி என்பான். சிரம்பானில் பத்து வருஷம் யாரோ ஒருவர் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, சிம்பாங் அம்பாட்டில் சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டு ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. திறப்பு விழா அன்று பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அவர் போனதும் நான் வாசலில் தேங்காய் உடைத்தேன். இரண்டும் இருக்கட்டும் என்று சூசையின் அம்மாவே சொல்லிவிட்டார்.

பட்டறைக்குப் பக்கத்திலேயே சாலையோரமாக ஒரு ஒட்டுக்கடை. காலையில் அங்கே ரொட்டி சானாய் சாப்பிட வருகிறவர்கள்தான் சூசைக்கு வாடிக்கை. அங்கே நாலு பேர் நல்லதாகச் சொன்னால் நாலு கார் வரும். கெட்டதாகச் சொன்னால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பழைய பேடைக் கழற்றிக் காட்டினான். தேய்க்கிற பொருளே இல்லை, வெறும் தகடு. "என்னாண்ணே, சத்தம் கேட்டிருக்குமே முன்னாடியே" என்றான். கேட்டது. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினேன். அதை அவனிடம் சொல்லவில்லை.

புது பேட் மாட்டி, அவனே ஓட்டிப் பார்த்து, என்னையும் ஓட்டச் சொன்னான். வேன் சொன்ன இடத்தில் நின்றது. ஒரு நாள் இரண்டு நாள் லேசாக வாசனை வரும், புதுசு, பயப்படாதீங்க என்று சொல்லி அனுப்பினான். சந்தோஷமாக வீடு வந்து சேர்ந்தேன்.

கடை முன்னால்

திங்கட்கிழமை வாசனை வந்தது. சூசை சொன்ன வாசனை என்று விட்டுவிட்டேன். வேன் கொஞ்சம் சோம்பலாக ஓடியது. பெடலில் கால் வைத்தால் கல் மாதிரி இறுக்கமாக இருந்தது. பலே, நல்ல பிடிப்பு என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டேன். பிறகு செவ்வாய்க்கிழமை அந்தப் புகை.

கால் மணி நேரம் ஆறவிட்டதும் வேன் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. பெண்களைத் தாமதமாக இறக்கிவிட்டு நேராக பட்டறைக்குப் போனேன். ஒட்டுக்கடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேனை அவர்கள் முன்னாலேயே நிறுத்தினேன், வேண்டுமென்றுதான்.

என்ன சொன்னேன் என்று முழுவதும் எழுதக் கூச்சமாக இருக்கிறது. டூப்ளிகேட் பேட் மாட்டிவிட்டான் என்றேன். தோட்டத்துப் பையன் என்று நம்பி வந்தால் பதினோரு பொம்பளைகளை எரிக்கப் பார்த்தான் என்றேன். சிரம்பானிலிருந்து ஏன் துரத்தினார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது என்றும் சொன்னேன். அவனை யாரும் துரத்தவில்லை. அது எனக்கே தெரியும்.

சூசை கையைத் துடைத்துக்கொண்டு வந்து வேனை ஜேக் வைத்துத் தூக்கினான். சக்கரத்தைக் கையால் சுற்றினான், சுற்றியது. "இப்ப ஒண்ணும் இல்லையேண்ணே" என்றான். அது எனக்கு இன்னும் ஏறியது. நான் பொய் சொல்கிறேனா என்று கேட்டேன்.

பேடை மறுபடி கழற்றினான். ஓரத்தைத் தேய்த்தான், பேடைப் பிடித்திருக்கும் இரும்புகளைத் துடைத்து கிரீஸ் தடவினான். தண்ணீர் ஊற்றினேன் என்றதும் முகம் சுளித்தான். சூட்டில் தண்ணீர் பட்டால் பேட் பிடிக்கிற தட்டு கோணிப் போகும், இனிமேல் ஊற்றாதீங்க என்று மட்டும் சொன்னான். மாட்டிவிட்டு, சனிக்கிழமைக்கு அப்புறம் வண்டியை வேறு யாராவது தொட்டார்களா என்று கேட்டான். என் வண்டியை எவனும் தொட மாட்டான் என்றேன்.

புதன்கிழமை மறுபடி புகைந்தது.

அன்று மாலை தோட்டத்தில் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னேன். சூசையிடம் வண்டி விட்டிருந்த இரண்டு பேர் மறுநாள் காலை போய், வேலை பாதியில் இருக்கும்போதே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒருவர் எங்கள் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. எனக்கு அப்போது உண்மையிலேயே திருப்தியாக இருந்தது.

சூடாக இருக்கும்போது

வியாழக்கிழமை மாலை, பேக்டரி வாசலில் பெண்களுக்காகக் காத்திருக்கிறேன். சூசை மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். கையில் பட்டறைச் சாமான் பை.

"ஆறிப் போனப்புறம் பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. சூடா இருக்கும்போதே பாக்கணும். நானும் கூட வர்றேன்" என்றான்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஏறிப் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டான். பெண்கள் அவனிடம் பேசவில்லை. என் புண்ணியம் அது.

எப்போதும் ஓட்டுகிற மாதிரி ஓட்டுங்க, நான் சொல்லாமல் நிறுத்த வேண்டாம் என்றான். அலோர் காஜா தாண்டியதும் வேனை யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி ஆனது. நாற்றம் வந்தது. இன்னும் கொஞ்சம் போங்க என்றான். கை வலிக்கிற அளவுக்கு ஸ்டீரிங்கைப் பிடித்திருந்தேன். ஒரு ரம்புத்தான் மரத்து நிழல் வந்ததும் நிறுத்தச் சொன்னான்.

இறங்கி ஒவ்வொரு சக்கரமாகப் போய், தொடாமல், பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தான். முன் இரண்டும் ஒரே சூடு. பின் சக்கரங்களும் வெதுவெதுப்பாக இருந்தன. அவன் முகத்தில் என்னவோ தெளிந்தது.

என்னைக் கூப்பிட்டுச் சொன்னான். ஒரு சக்கரம் மட்டும் சூடானால் அந்தச் சக்கரத்தில் கோளாறு. பேட் சிக்கியிருக்கும், துரு பிடித்திருக்கும். நாலும் சேர்ந்து சூடானால் நாலிலும் ஒரே நாளில் கோளாறு வராது. நாலுக்கும் பொதுவாக மேலே எங்கேயோ இருக்கிறது.

ஜேக் வைத்துத் தூக்கினான். சக்கரத்தைச் சுற்றினால் அசையவில்லை. நானும் சேர்ந்து தள்ளினேன், அசையவில்லை. பிரேக்கில் காற்று எடுப்பதற்கென்று ஒரு சின்ன நட்டு உண்டு. ஸ்பானர் வைத்து அதை ஒரு சுற்று தளர்த்தினான். பிரேக் ஆயில் பீச்சிக்கொண்டு வெளியே வந்தது. உடனே சக்கரம் தளர்ந்து ஒற்றை விரலுக்குச் சுற்றியது.

பேட் பிடித்துக்கொள்ளவில்லை. ஆயில்தான் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விட வேண்டியது விடவில்லை. நான் மூன்று நாளாகக் கத்திய டூப்ளிகேட் பேட் அந்தச் சுற்றில் நல்ல பேடாக ஆகிவிட்டது. என் காது சுட்டது.

சூசை நட்டை இறுக்கிவிட்டு என் இருக்கைப் பக்கம் போனான். பெடலைக் கையால் அழுத்தினான். எந்த வண்டியிலும் பிரேக் பெடலுக்குக் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், கொஞ்ச தூரம் சும்மா போகும், அதற்குப் பிறகுதான் பிடிக்கும். இதில் அந்த ஆட்டமே இல்லை. நான் பாராட்டிய நல்ல பிடிப்பு அதுதான்.

தலையைக் கீழே விட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தான். அப்படியே ரொம்ப நேரம் இருந்தான். வெளியே வந்ததும் பெண்கள் நிற்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் தோளைத் தொட்டு வேனுக்கு மறுபக்கம் கூட்டிப் போனான்.

"அண்ணே, அண்ணி ஏதும் வேண்டிக்கிட்டாங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

மஞ்சள் துணி

நானும் குனிந்து பார்த்தேன். பெடலின் கம்பி மேலே போய்ச் சேரும் இடத்தில், இருட்டுக்குள், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு காசு. அழகாக, இறுக்கமாக, இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது.

நம் வீடுகளில் காசு முடிவது எப்படி என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாரியாத்தாளை நினைத்து, மஞ்சளில் நனைத்த துணியில் காசை முடிந்து, எதற்காக வேண்டுகிறோமோ அங்கே கட்டிவிடுவது. நிறைவேறும்வரை வெளியே சொல்லக்கூடாது. காலும் படக்கூடாது. லோரிக் கதையைக் கேட்ட மல்லிகா, எது கைவிட்டதோ அதில்தான் கட்ட வேண்டும் என்று பிரேக்கில் கட்டியிருக்கிறாள். என் கால் பட்டுவிடக்கூடாதே என்று எட்டுகிற மட்டும் மேலே கட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் ரெம்பியாவுக்கு முடி வெட்டப் போயிருந்த நேரம் அது.

அங்கேதான் வினை. பெடல் மேலே வந்து முட்டி நிற்கும் இடத்தில் முடிச்சு போய் உட்கார்ந்துவிட்டது. அரை விரல் தடிமன்தான். பெடல் முழுசாக மேலே வந்தால்தான் அழுத்திய ஆயில் திரும்பிப் போக வழி திறக்கும். அரை விரல் குறைந்ததால் வழி திறக்கவில்லை. ஓட ஓடச் சூடு, சூடு ஏற ஏறப் பிடிப்பு. ஆறினால் தளர்ந்துவிடும். பிரேக் விளக்காவது விடாமல் எரிந்து காட்டிக் கொடுத்திருக்கும். பெடல் மேலே வந்ததும் அந்த விளக்கை அணைக்கிற சுவிட்சையும் முடிச்சு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்ததால் அதுவும் இல்லை.

அவனுடைய சாமான் பையிலிருந்து கத்தியை எடுத்து நீட்டினேன். சூசை வாங்கவில்லை.

"சாமிக்கு முடிஞ்சத நான் அறுக்க மாட்டேண்ணே. அண்ணி கட்டினது, அண்ணியே அவுக்கட்டும்" என்றான்.

விரலை விட்டு, முடிச்சு அவிழாமல், கம்பியின் பக்கவாட்டில் அதை மெல்ல நகர்த்தினான். பெடல் டக்கென்று மேலே வந்து நின்றது. அழுத்திப் பார்த்தான், ஆட்டம் வந்திருந்தது. அவ்வளவுதான் வேலை.

தனம் அக்கா வந்து, என்ன கோளாறு என்று கேட்டார். மற்றவர்களும் பின்னால் வந்து நின்றார்கள்.

"என் தப்புதான்க்கா. நான் மாட்டின கிளிப்பு ஒண்ணு நகந்துருச்சு. சரி பண்ணிட்டேன்" என்றான் சூசை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். தனம் அக்கா அவனைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்களை ஏற்றுகிற வண்டியில் இப்படியா வேலை செய்வது என்று ஆரம்பித்து, தோட்டம் வந்து சேரும்வரை விடவில்லை. பின் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு சூசை எல்லாவற்றுக்கும் ஆமாக்கா, ஆமாக்கா என்றான்.

எல்லோரும் இறங்கிய பிறகு, ஏன்டா அப்படிச் சொன்னே என்று கேட்டேன்.

"மெக்கானிக்கு தப்புப் பண்ணிட்டான்னா ஒரு மாசம் பேசுவாங்கண்ணே, அப்புறம் மறந்துருவாங்க. அண்ணி கட்டின முடிச்சாலதான் வண்டி எரிஞ்சதுன்னு தெரிஞ்சா, லயத்துல அவங்க தலை நரைக்கிற வரைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க" என்றான்.

அவன் மோட்டார்சைக்கிள் பேக்டரி வாசலில் கிடந்தது. கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம், பஸ் வரும் என்று சாமான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

மல்லிகா அடுப்படியில் நெத்திலி பொரித்துக்கொண்டிருந்தாள். கத்த வேண்டும் என்றுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். வண்டியில என்ன கட்டினே என்று கேட்டதும் அவள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

"லோரி விஷயத்த தனமக்கா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்க சாப்பிட்டுத் தூங்கிட்டீங்க. எனக்குத்தான் தூக்கம் வரல. பன்னெண்டு பேரும் நல்லபடியா வீடு வந்து சேரணும்னு முடிஞ்சேன்" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். முடிச்சு எங்கே உட்கார்ந்தது, ஆயில் எப்படித் திரும்பாமல் போனது, எல்லாம். அப்ப அந்தப் புகை என்னாலதானா என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சூசை என்ன சொன்னார் என்று கேட்டாள். தன் தப்பு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டான் என்றேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"கடை முன்னாடி நின்னு கத்துறப்ப வாய் இருந்துச்சில்ல" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு காரமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை நான் வேனைத் துடைக்க வந்தபோது மல்லிகா குளித்துச் சேலை கட்டி, பிரேக்கிலிருந்து அவிழ்த்த அந்தக் காசை முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துப் பின் வரிசையில் போய் உட்கார்ந்தாள். எங்கே வருகிறாய் என்று கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். மல்லிகாவைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள், இடுப்பைக் கிள்ளிக் கேலி பண்ணினார்கள். பதினோராவது ஆள் ஏறியதும், கொஞ்சம் வண்டிய எடுக்காதீங்க என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கூரை தலையில் இடிக்காமல் குனிந்தபடி மல்லிகா எழுந்து நின்றாள்.

"நேத்து சூசைத் தம்பி சொன்னது பொய். கிளிப்பெல்லாம் ஒண்ணும் நகரல. நான் சாமிக்குக் காசு முடிஞ்சு பிரேக்குல கட்டினேன். அதான் புகைஞ்சது. என் பேரு சிரிப்பா சிரிக்கக் கூடாதுன்னு அவரு பழிய ஏத்துக்கிட்டாரு. சிரிக்கிறவங்க என்னையப் பாத்துச் சிரிங்க. அவரு பட்டறைய ஒண்ணும் சொல்லாதீங்க."

ஒரு வார்த்தையும் விழுங்கவில்லை. பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கண் நிறைந்து சாலை தெரியவில்லை.

தனம் அக்காதான் திரும்பினார்.

"என்னையும் சேத்துத்தானே வேண்டிக்கிட்ட?"

"ஆமாக்கா."

"அப்ப உக்காரு" என்றவர் என் பக்கம் திரும்பி, "மணியம், பேக்டரிக்கு முன்னாடி சிம்பாங் அம்பாட்டுல நிறுத்து. நேத்து அந்தத் தம்பிய வாயில வந்தபடி பேசிட்டேன்" என்றார்.

ஒட்டுக்கடையில் அதே ஆட்கள், அதே மேஜை. சூசை பட்டறைக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு வண்டியும் இல்லை. சிமெண்டுத் தரை மட்டும் பெருக்கிச் சுத்தமாக இருந்தது.

நான் ஒட்டுக்கடைக்கு முன்னால் போய் நின்றேன். செவ்வாய்க்கிழமை நான் கத்தியது அத்தனையும் பொய், சூசை மாட்டியது நல்ல பேட், நல்ல வேலை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன். எனக்குப் பின்னால் பதினோரு நீலச் சட்டைகளும் மல்லிகாவும் இறங்கி நின்றார்கள். ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

வேலை பாதியில் எடுத்துக்கொண்டு போன இரண்டு வண்டிகளில் கிராணியின் கார் அடுத்த வாரம் திரும்பியது. மற்றது திரும்பவே இல்லை. அந்த ஒன்று என் கணக்கில்தான் நிற்கிறது. ஆனால் அந்தப் பதினோரு வீட்டு மோட்டார்சைக்கிள்களும், மச்சான் கார்களும், மாமனார் லோரிகளும் அதற்குப் பிறகு வேறு எந்தப் பட்டறைக்கும் போகவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் பிறகு சூசை சுவர் எழுப்பினான். அந்தப் பெண்களுக்கும், எழுந்து நின்று பேசிய என் மனைவிக்கும், அறுக்க மாட்டேன் என்று சொன்ன அவனுக்கும் நான் நன்றி சொல்லாமல் இந்தத் தொடரை முடித்தால் அது பெரிய துரோகம்.

அன்று காலை சூசையிடம் போய் அவன் கையைப் பிடித்தேன். கிரீஸ் பட்டுவிடும் என்று இழுத்துக்கொள்ளப் பார்த்தான். நான் விடவில்லை. மன்னிச்சிரு என்று சொல்ல நினைத்தேன், தம்பி என்பதற்கு மேல் வரவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்காமல் வேனைப் பார்த்தான்.

"அக்காங்களுக்கு நேரமாச்சுண்ணே. போய் எறக்கிட்டு வாங்க. தே ஓ சொல்லி வைக்கிறேன்."

இறக்கிவிட்டு, மல்லிகாவுடன் திரும்பி வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒட்டுக்கடை மேஜையில் மூன்று கிளாஸ் தே ஓ, பால் ஊற்றாத டீ, ஆறிப்போய் இருந்தன. ஒன்று அவனுடையது. அதையும் அவன் தொடாமல் வைத்திருந்தான்.